கைமாற்று வெளிச்சம்

புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது.
வள்ளியூர் ஸ்டுடியோவின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கேமராவையும் முக்காலியையும்
கொம்பையாவின் லோடு ஆட்டோவில் ஏற்றினேன்.
காற்று நின்றுபோன வாரம்.
ராதாபுரம் சாலையில் உடைமரங்களுக்கு மேலே
காற்றாலை இறக்கைகள்
ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றன.

மூடிக்கிடக்கும் கல்குவாரியில்
லாரி இறங்கிய தடம் இன்னும் இருக்கிறது.
இறங்க இறங்க வானம் ஒடுங்குகிறது,
அடியில் நின்று பார்த்தால் ஒரு வேட்டி அகலம்.
நூத்தியிருவது அடி என்றான்.
அவனுக்குத் தெரியும், ஆறு வருஷம் இங்கே வெடிக்குழி போட்டவன்.
தெற்குச் சுவர் முழுக்க மேலிருந்து கீழாக
டிரில் இறங்கிய பாதிக் குழல்கள்.
"மூணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் நம்ம கை.
அந்தக் கோணினது மட்டும் சவரிராயன்."

பத்தேகாலுக்கு
வெயில் மேற்குச் சுவரில் வந்து உட்கார்ந்தது.
நான் அதை எடுக்கவில்லை.
நேர்வெயில் கல்லை வெளுத்துவிடும்,
பவுடர் கூடிப்போன மணப்பெண் மாதிரி.
காத்திருந்தது எதிர்ச்சுவருக்கு.
சூரியனே படாத கிழக்குச் சுவர்
முதலில் நுங்குத்தோலின் ஊதா,
பிறகு, எப்போது மாறியது என்று தெரியாமல்,
பனம்பழச் சதையின் மஞ்சள்.
தனக்கென்று ஒரு பைசா வெளிச்சம் கிடையாது அதற்கு.
எதிர்வீட்டில் வாங்கின கைமாற்று.
வாங்கினதிலும் கொஞ்சம்
கீழே தேங்கிய பச்சைத் தண்ணீருக்குக் கொடுத்தது.
தண்ணீர் அதை
ஒரு தவளையின் வயிற்றுக்கு.

எட்டில் ஒரு நொடி.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு படம்.

"ஆளே இல்லாத போட்டோவ யாரு மைனி வாங்குவா?"
யாரும் வாங்க மாட்டார்கள்.
நான் வாயைத் திறப்பதற்குள் அவனே,
"அப்பம் என்னைய ஒண்ணு எடுங்க, பாஸ்போர்ட் சைஸ்.
மஸ்கட்டுக்கு ஆள் கேக்கான்.
அங்கயும் கல்லுதான்."
வெள்ளைப் பின்னணி வேண்டுமே என்றேன்.
"அத நீங்க கம்ப்யூட்டர்ல வச்சுக்கிடுங்க."

வடக்கே பார்த்து நிறுத்தினேன்.
காலரை இழுத்துவிட்டான்.
பல் தெரியக்கூடாது என்று சொன்னதுதான் தப்பு,
மூன்று தடவை சிரித்துக் கெடுத்தான்.
நாலாவதில்
மஸ்கட் ஞாபகம் வந்திருக்க வேண்டும்,
முகம் நேராக நின்றது.

ராத்திரி கடையில்
முடி முடியாகச் சுற்றி வெட்டினேன்.
பாறையை எடுத்தேன், குழிகளை எடுத்தேன்,
சவரிராயனின் கோணலையும் எடுத்தேன்.
வெள்ளையை ஊற்றினேன்.
இடது கன்னத்தில் மட்டும்
பனம்பழ மஞ்சள் போகமாட்டேன் என்றது.
அதைக் குறைத்தால்
ஆள் கண்ணாடிப் பெட்டியில் படுத்தவன்போல ஆகிறான்.
அப்படியே எட்டுப் பிரதி போட்டேன்.

சுவர்ப் படம் நாலும் கார்டில் கிடக்கின்றன.
ஐப்பசி பிறந்து முதல் கல்யாணம் வந்ததும்
இடம் கேட்கும், பார்க்கலாம்.

மறுநாள் கொம்பையா போன் செய்தான்.
"ஏஜெண்டு எடுத்துக்கிட்டான் மைனி.
மஞ்சக்காமாலை உண்டுமான்னு
ஒரு வார்த்தை கேட்டான், அவ்வளவுதான்."