எட்டாம் வகுப்பு 'சி' பிரிவின் நாடு

சீட்டுக் குலுக்கிப் போட்டதில்
'ஏ' பிரிவுக்கு இத்தாலி.
'பி' பிரிவுக்கு ஜப்பான். அன்று மாலையே
காகிதக் கொக்கு மடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.
எங்களுக்கு விழுந்தது
வங்காளதேசம்.

"மிஸ், அது நம்ம தெருவுலயே இருக்கு மிஸ்"
என்றான் தணிகைவேல்.
பொய்யில்லை.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் அவன் அப்பா நடத்தும் லாட்ஜில்
பதினாலு அறை, அறைக்கொரு ஒற்றை அடுப்பு,
மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெய் வாசம்.
மருந்துக்கடைப் பலகையில் தமிழுக்கு மேலேயே
அந்த எழுத்து,
கொடியில் துணி காயப்போட்டதுபோல்.

விழா நாள்.
வேலூர் வெயிலுக்கு மாசி என்ன, பங்குனி என்ன.
இத்தாலிக்கு வரிசை கொடிக்கம்பத்தைச் சுற்றிப் போனது.
ஜிகினா இறகு கட்டிய பிரேசில்காரிகளில் இரண்டு பேர்
பாட்டு நின்ற பிறகும் ஆடினார்கள்.
எங்களிடம் காகிதக்கூழில் செய்த புலி ஒன்று
(வால் வேனிலேயே விட்டுப்போச்சு),
ஷஹீனா வீட்டு அண்டாவில் கிச்சடி.
முதல் ஒரு மணி நேரம்
பி.டி. மாஸ்டர் மட்டும் வந்தார்.
"இது நம்ம பொங்கல்தானே?"
இரண்டு தட்டு. கூப்பன் தரவில்லை.

பதினொன்றரைக்கு
ஏழாம் அறையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தான் தணிகைவேல்.
ரொகேயா. கழுத்தில் ஆஸ்பத்திரி பாஸ்,
கக்கத்தில் எக்ஸ்ரே கவர்.
வீட்டுக்காரரின் ரிசல்ட் நாலு மணிக்காம்.

முதலில் கொடியைப் பார்த்தார்.
சிவப்பு வட்டத்தை ஒரு விரலால்
இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினார்.
பசை காயவில்லை, நகர்ந்தது.
அப்புறம் கிச்சடி ஒரு வாய்.
எதுவும் சொல்லாமல் தலைப்பை இடுப்பில் செருகி
மேசைக்கு இந்தப்பக்கம் வந்தார்.
தணிகைவேல் ஓடிப்போய் எண்ணெய் பாட்டிலோடு திரும்பினான்.
பச்சைமிளகாய் கிள்ளிக் கலக்கிய கலக்கலில்
எனக்குக் கண்ணில் நீர்.
இத்தாலி வரிசை
வால் பக்கமிருந்து உதிர்ந்தது.

இரண்டு மாதத்தில் அவர் கற்ற தமிழ் மொத்தமும்
எங்கள் கடையில் செலவானது:
"சில்லறை குடுங்க."
"லைன்ல வாங்க."
அண்டா காலியானதும்
கவுன்ட்டர்காரர்களின் அதே குரலில்,
நிமிர்ந்து பார்க்காமல்,
"முடிஞ்சிபோச்சு. நாளைக்கு வாங்க."
பிள்ளைகள் சிரித்தார்கள்.
அவரும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

பரிசு ஜப்பானுக்கு.
எங்கள் மதிப்பெண் தாளில் நடுவர் எழுதியிருந்தார்:
'கொடியில் வட்டம் நடுவில் இல்லை.'
வாசித்துக்காட்டத் தணிகைவேலைத் தேடினேன்.
மணி நாலு.
எக்ஸ்ரே கவரைத் தூக்கிக்கொண்டு
அவர் கூடவே போயிருந்தான்,
அங்கே சொல்வதை
அவருக்குச் சொல்ல.