ஆறு பவுண்டு

அக்டோபர் பிறந்தால் போதும்,
கோல்ஃப் சாமான்கள் ஒவ்வொன்றாக
எங்கள் கடைக்குத் திரும்பி வரும்.
தர்மத்துக்கு நடக்கும் பழம்பொருள் கடை.
செவ்வாயும் வெள்ளியும் என் முறை.

ஊர், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில்
முழங்கை மடக்கினாற்போல் ஒரு வளைவு.
இரண்டு தேவாலயம், மூன்று மதுக்கடை, பதினெட்டுக் குழி.
காற்றுக்கு மட்டும் கணக்கில்லை.

ஜோடி பிரிந்த கோப்பைகளுக்கும்
யாரோ பாதியில் கைவிட்ட ஜிக்சாக்களுக்கும் நடுவே
மணிக்கட்டை மடங்கவிடாத பட்டை,
முழங்கைகளுக்கு இடையே இடுக்கிக்கொள்ள ஒரு காற்றுப் பந்து,
தலை அசைந்தால் கூவுகிற தொப்பி.
அதன் பேட்டரி இன்னும் தீரவில்லை.
போன வெள்ளி, இழுப்பறைக்குள் யாருமில்லாமல்
தானே ஒருமுறை கூவியது.

ஒன்றை மட்டும் எனக்கு நெருக்கமாகத் தெரியும்:
கழுத்தில் கீல் வைத்த மட்டை.
சீராக வீசினால் விறைத்து நிற்கும்.
இம்மி அவசரப்பட்டாலும்
கழுத்து திருகிய கோழிபோலத் தொங்கும்.
கைப்பிடியின் அடியில் பென்சிலால்
நான்தான் எழுதினேன்: ஆறு.

மே மாதம். பல் மருத்துவர் ஸ்ட்ரூவன் பெட்ரி.
"பணத்துக்குத் தகுமா, உனா?"
கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.
வாளியில் சொட்டும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.
தகும் என்றேன்.

ஐந்து வாரத்தில் திரும்பிவந்தது,
கைப்பிடியில் கிராம்பு வாசனையோடு.
"இதை மடங்காமல் வீசுகிறேன், நூற்றுக்கு நூறு.
என் மட்டையை எடுத்தால் பந்து பழையபடி
ரயில் பாதைக்கே போகிறது.
இதை வைத்துக்கொண்டே போட்டியில் ஆட விடுவார்களா?"
விடமாட்டார்கள்.
அந்தக் கருவி கற்றுத்தந்தது அந்தக் கருவியை வீச.
அதில் குறையே சொல்ல முடியாது.

மறுவாரம் திருமதி பெட்ரி வந்தாள்.
கணவருக்குப் பிறந்தநாளாம்.
அதே மட்டையைத் தூக்கிப் பார்த்தாள்,
முகம் மலர்ந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.
நீலக் காகிதத்தில் சுற்றி,
ரிப்பன் கட்டிக் கொடுத்தேன்.

அடுத்து ஒரு ஜெர்மன்காரர், விடுமுறைக்கு வந்தவர்.
அவருக்குப் பிறகு தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்.
தாளம் தெரிந்த மனிதர், இவராவது என்று நினைத்தேன்.
எட்டே நாள்.

உண்மையில் லாபம் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார்,
சொல்லாமல் விட்டால் பாவம்.
தபால்காரர் இன்னஸ் கெட்டெஸ்.
மஞ்சள் குச்சி இரண்டு, ஐம்பது பென்ஸ்.
தரையில் கிடத்திப் பாதத்தை ஒட்டி நின்று பார்த்தாராம்.
மறுநாள் கடிதம் ஒன்றும் கொண்டுவராமலே
கடைக்குள் வந்து நின்றார்.
"முப்பது வருஷமா கொடியைப் பார்த்து நிற்கிறேன்னு நினைச்சேன்.
தேவாலயத்தைப் பார்த்து நின்னிருக்கேன், உனா.
பந்தைத்தான் திட்டியிருக்கேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள்;
சிரிக்கிறோம்.
சில கூடம் கோணல்தான்.
அதைக் காட்டிக்கொடுக்க
இரண்டு குச்சி போதும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நான் ஆடியவள் இல்லை.
நேற்று கடையைச் சாத்தியபின்,
பின்னறையில், கல்யாண கவுன்களை ஓரம் தள்ளிவிட்டு,
கீல் மட்டையை எடுத்தேன்.
பந்து இல்லை, புல் இல்லை.
தோளுக்குமேல் ஏற்றி, அங்கே ஒரு கணம் விட்டு,
இறக்கினேன்.
மடங்கவில்லை.

காற்றில் ஒரு நீளமான ஓசை,
கவுன்களின் ஓரம் லேசாக ஆடி அடங்கியது.
ஐம்பத்தெட்டு வயதில்
என் உடம்பில் எங்கிருந்து வந்தது அது?

இரண்டாம் முறை மடங்கியது.
மூன்றாம் முறையும். ஒன்பதாம் முறை
விளக்கின் குடை ஒன்று போயிற்று;
அதற்கு இரண்டு பவுண்டு கல்லாவில் போட்டேன்.

இந்த மட்டையால் இதுவரை கடைக்கு இருபத்துநான்கு.
கூரைக்கு இன்னும் போதாது.
இன்று காலை பென்சிலை எடுத்து
ஆறை அழித்தேன்.
ஏழு என்று எழுதினேன்.
பிறகு மட்டையை, ஜன்னலோரம் வைக்காமல்,
கோட்டுகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்,
வெள்ளிக்கிழமை வரை.