கூடக்குறைய

மாநகர் மன்றத்திலிருந்து அழைத்த நோராஸ்லின்
ஐம்பது சொல் போதும் என்றார்.
கடை எப்போது, யார், என்ன விற்றார்கள்.
செந்தூல் ரயில் பட்டறைக்கு எதிர்வரிசையில்
இடிபடாமல் மிஞ்சிய கட்டடங்களுக்கெல்லாம்
பித்தளைத் தகடு பதிக்கிறார்களாம்.

எப்போது என்பதிலேயே இடறிவிட்டேன்.
பெயர்ப் பலகையில் 1911.
லைசென்சில் 1913.
மரப்பெட்டிக்குள் கிடந்த முதல் பேரேட்டில்
1909, ஆடி ஏழு:
'குஞ்ஞம்பு, பிட்டர், அரிசி ஆறு காத்தி, கடன்.'
ஆக, கடைக்கு முன்பே
கடன் பிறந்துவிட்டது.

யார் என்பது சுலபம். ஆவுடையப்பன்.
என் அப்பாவுக்குத் தாத்தா.
படமில்லை. கையெழுத்துதான்,
'ழ'வுக்கு வால் இழுக்க நேரமில்லாத கையெழுத்து.

என்ன விற்றார்?
அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், நீலம்,
பட்டறைக் கரி போக்க மஞ்சள் சவர்க்காரம்,
கார்டு பச்சன் சிங்குக்குக் கடுகெண்ணெய்,
தௌகே லிம்முக்குத் தடித்த ஊதுவத்தி,
சம்பளத்துக்கு மூன்று நாள் முன்னால்
எல்லோருக்கும் கொஞ்சம் பொறுமை.
அதற்கும் விலை எழுதியிருக்கிறார்:
வெள்ளிக்கு மூன்று காசு.

அப்புறம் அந்த எடைக்கல்.
அதே பெட்டியில், கோணித்துணியில் சுற்றி,
ஒரு காத்தி என்று வார்த்த இரும்பு.
அடியில் சுண்டுவிரல் நுழையும் குழி.
ஈயம் இருக்கவேண்டிய இடத்தில் அரக்கு.
கல்லாமேசைத் தராசில் வைத்தேன்.
அறுநூற்றைந்து காட்டவேண்டும்.
ஐந்நூற்று எண்பத்தொன்பது.
தராசை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி வைத்தேன்.

பதினாறு கிராம்.
பிடி அரிசிகூட இல்லை.
குஞ்ஞம்புவின் ஆறு காத்தியில் தொண்ணூற்றாறு.
இத்தனை வருடம், இத்தனை அடுப்பு என்று
கால்குலேட்டரைத் தட்டத் தொடங்கி
பாதியில் மூடிவிட்டேன்.

இன்னொரு பேரேடு.
ஆண்டு 2603 என்று போட்டிருக்கிறது, ஜப்பான்காரன் கணக்கில்.
வாழைமர நோட்டில் உப்பு விலை.
பதினொரு பெயர்களுக்கு எதிரே
பாக்கிக்குப் பக்கத்தில் ஒரே சொல்:
சயாம்.
பொன்னுரங்கம், சயாம்.
சடையன், சடையன் மச்சான், இருவரும் சயாம்.
தவசி, சயாம்.
தண்டவாளம் போடப் பிடித்துக்கொண்டு போனவர்கள்.
தொகையை அடிக்கவும் இல்லை,
அடுத்த பக்கத்துக்கு ஏற்றவும் இல்லை.
விட்டுக்கொடுத்தாரா,
வசூலிக்க வழி தெரியாமல் விட்டாரா?
ஒரு பெயருக்குக் கீழே மட்டும் வேறு மையில்:
'தவசி பெண்சாதிக்கு உப்பு. கணக்கில்லை.'

அந்த உப்பை
எந்தக் கல்லால் நிறுத்தார்?

அப்பா கல்லாவில் உட்கார்ந்தபோது
காத்தி போய் கிலோ வந்துவிட்டது.
எடை முடிந்து, முள் நின்ற பிறகு
ஒரு வெங்காயத்தை எடுத்துப் போடுவார்.
யார் வாங்கினாலும். முகம் பார்க்காமல்.
சீனி என்றாலும் சுண்ணாம்பு என்றாலும்
அதே வெங்காயம்.
அஞ்சடியில் கொசுறுக் கடை என்றே பெயர்.
நஷ்டம் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.
'அது பழைய பாக்கி' என்பார்,
காசை எண்ணிக்கொண்டே.
மரப்பெட்டியின் சாவி
அவர் இடுப்புக் கயிற்றில்தான் இருந்தது,
மருத்துவமனையில் அவிழ்த்துத் தரும்வரை.

மலாயில் லெபே கூராங் என்பார்கள்.
நம் கூடக்குறையவேதான்.
நோராஸ்லினுக்கு அனுப்பிய ஐம்பதில்
மூன்று இடத்தில் அதைப் போட்டிருந்தேன்.
அவர் திரும்ப அழைத்தார்.
வருடத்துக்கு முன்னால் சரி,
கடன்காரர் எண்ணிக்கைக்கும் சரி,
'நியாயமான எடைக்குப் பெயர்போன கடை'
என்பதற்கு முன்னால் எப்படி வரும்,
எழுத்துப் பிழையா?

வெளியே யாரோ
அரைக் கிலோ பருப்பு கேட்டார்கள்.

பிழையில்லை, அப்படியே வெட்டுங்கள் என்றேன்.