ஹக்கிமி சப்பாத்துக் கயிறு கட்டிய நேரம்

ஜெலுத்தோங்கில், மூடிக்கிடக்கும் மரச்சாமான் கடைக்குப் பின்னால்
ஒரு கார்ப்பார்க்.
பாதிக்குக் கூரை உண்டு.
மீதிக்கு வானம்; பினாங்கில் அதை நம்ப முடியாது.

தரை மட்டும் அவ்வளவு வழவழப்பு.
எவனோ ஒரு கொத்தனார்
யார்மீதும் கோபமில்லாத நாளில் பூசியிருக்கவேண்டும்.

ஞாயிறு மாலைகளில் அது எங்களுடையது.
லோகேன், அவன் தங்கை தனுஷியா,
ஹக்கிமி, பூன் கியாட்,
அப்புறம் நான்.
முப்பத்திரண்டு வயது. பாயான் லெப்பாஸில்
பன்னிரண்டு மணி நேரம் பூதக்கண்ணாடிக்குள் குனிந்து
சில்லுகளில் கீறல் தேடுகிறவன்.
முட்டி இப்போதே கணக்குக் கேட்கிறது.

பலகை பழசு, அறுபது வெள்ளி.
முன்பு வைத்திருந்தவன் அடியில் பூனை வரைந்திருந்தான்.
எந்தெந்தப் படிவிளிம்பிலோ உரசி உரசி
வால் மட்டும் மிச்சம்.

கிக்ஃபிலிப் என்பது இவ்வளவுதான்:
பின்காலால் அடி, முன்காலால் ஓரத்தைச் சீண்டு,
பலகை ஒரு தடவை வயிற்றை வானத்துக்குக் காட்டித் திரும்பும்,
அது திரும்பியதும் மேலே இறங்கு.
சொல்ல நான்கு வரி.
எனக்கு ஏழு மாதம்.

லோகேன் சொல்வான், தோளைத் திருப்பாதே.
பூன் கியாட் சொல்வான், பயப்படாதே லா,
தரை எங்கேயும் ஓடிப்போகாது.
தனுஷியா ஒன்றும் சொல்லமாட்டாள். பதினேழு வயது.
பக்கத்தில் வந்து ஒன்று போட்டுவிட்டுப் போய்விடுவாள்.
அதுதான் தாங்காது.

ஏழு மாதத்தில் நான் கற்றதெல்லாம் விழுவது.
முழங்கையில் விழுந்தால் வல்லினம்.
பிட்டத்தில் விழுந்தால் மெல்லினம்.
விழாமல், நிற்காமல், கைகளை வீசி ஓடிப்போய்
யாருடைய காடியையாவது கட்டிப்பிடித்தால்
இடையினம்.

அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு நின்றது.
ஹக்கிமி குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினான்.
தே ஐஸ் பைகளில் எது சீனி குறைச்சல் என்று
லோகேனும் பூன் கியாட்டும் சண்டை.
சடக்கில் ஒரு லாரி பாட்டுப் பாடிக்கொண்டே பின்னால் வந்தது,
தனுஷியா அதைப் பார்த்துச் சிரித்தாள்.
நான் எதையும் நினைக்கவில்லை.
சும்மா தள்ளினேன்.

டக்.

பிறகு காலுக்குக் கீழே எதுவுமே இல்லாத
ஒரு சின்ன அமைதி.
பிறகு நான்கு சக்கரமும்
ஒரே சொல்லாகத் தரையில்.

சாக்கடை மூடிவரை அப்படியே போனேன்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
திரும்பிப் பார்த்தால்
ஒரு மைனா. அதுவும் ரொட்டித் துண்டில் மும்முரம்.

போட்டுட்டேன், என்றேன்.
எதை? என்றான் லோகேன்.
சத்தியமாவா?
சத்தியமா.
அப்ப இன்னொண்ணு போடு.

இருபத்தாறு தடவை.
பலகை தலைகீழாக, பக்கவாட்டில்,
ஒருமுறை என் கணுக்கால் எலும்பில்.
அதற்குள் மழை பாதிக் கூரைக்குள்ளும் நுழைந்து
சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினோம்.
ஹக்கிமிக்குத்தான் என்னைவிட வருத்தம்.
கயிற்றை அவிழ்த்து, முறைத்துப் பார்த்து,
மறுபடி கட்டினான்.

தனுஷியா தன் பலகையை நிமிர்த்திப் பிடித்து
வாலால் தரையைத் தட்டினாள்.
எங்கள் கூட்டத்தில் கைதட்டல் அதுதான்.
டக், டக்.
பிறகு லோகேன். பிறகு எல்லாரும்,
பார்க்காத ஒன்றுக்கு,
மழையைவிடச் சத்தமாக.
எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
தே ஐஸை உறிஞ்சினேன்.
சீனி குறைச்சல் பை என்னிடம் வந்திருந்தது.

திங்கள் காலை,
கண்ணாடிக்குக் கீழே சில்லு,
மேசைக்குக் கீழே முன்கால்
இல்லாத ஓரத்தைச் சீண்டிச் சீண்டி.
சூப்பர்வைசர் நின்று பார்த்தார்.

இதைப் பார்க்க மட்டும் ஆள் இருந்தது.