தெரிகிறது

மஞ்சூர் கூட்டுறவுச் சங்கக் கூடத்தின்
ஜன்னல்களில் கறுப்புக் குடைத்துணி ஒட்டினோம்.
அப்படியும் மூடுபனி உள்ளே வந்தது,
வரிசையில் நிற்காமல், டோக்கன் வாங்காமல்.

படித்த காலத்தில் எனக்கொரு பொய் வாய்த்தது.
கருவியின் துளையில் ஒரே ஒரு கண்தான் நுழையும்.
பேராசிரியர் பார்த்துவிட்டு நகர்ந்துகொள்வார்:
"நரம்புத் தட்டு. தெரிகிறதா?"
என் இமைமயிர்தான் தெரிந்தது.
"தெரிகிறது சார்."
நான்கு மாதம் அப்படியே சொன்னேன்.
எனக்குப் பின்னால் நின்ற பதினோரு பேரும் சொன்னார்கள்.
ஒருவர் கண்டதை மற்றவர் நம்பியே
தேர்ச்சி பெற்றோம்.

இன்று கையில் கைபேசி.
திரையில் போன மாதம் விழுந்த விரிசல்,
டார்ச்சின் கூச்சத்தைத் தணிக்க ஒட்டிய பிளாஸ்திரி.
இடது கையில் இருபது டயாப்டர் லென்ஸ்,
சுண்டுவிரல் எதிரே இருப்பவரின் நெற்றியில்.
கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே,
பிறகு ஓர் ஆரஞ்சு வட்டம் குப்பென்று எழும்,
தலைகீழாக.
லிங்கம்மா, ரெஜினா, சுகிர்தா
மூன்று நர்சுகளும் ஒரே திரையில் குனிகிறார்கள்.
"எனக்குத் தெரியலைக்கா" என்கிறாள் லிங்கம்மா.
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

பதினேழாவது டோக்கன் போஜராஜ்.
கெத்தை வழி கோவை பஸ், இருபத்தொரு வருடம்.
கடைசி வரிவரை தங்குதடையின்றிப் படித்தார்.
நான் மாற்றி மாட்டியிருந்த அட்டைக்கும்
பழைய அட்டையின் எழுத்துகளையே.
"தெரியுதே, எல்லாம் தெரியுது."
அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.

சொட்டு மருந்து. அரை மணி நேரம்.
வலது கண்ணில், நடுப்புள்ளிக்குச் சற்றுத் தள்ளி,
சிவப்புச் சிதறல்.
"செந்துரு விழுந்த தேயிலை மாதிரி இருக்கு"
என்றது லிங்கம்மாதான்.

படத்தை அவரிடமே நீட்டினேன்.
விரிந்த பாவைக்குப் பக்கத்துப் பொருள் பிடிபடாது.
கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து,
சுருக்கி, மறுபடி சுருக்கி,
"என் கண்ணா இது?
கெத்தை ரோடு மாதிரியில்ல இருக்கு."
கொஞ்ச நேரம் கழித்து,
"அழிச்சிருங்க."

மதுரை டாக்டருக்கு அனுப்ப அழுத்தினேன்.
மழையில் டவர் செத்திருந்தது.
படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கடிகாரம்
நின்றபடியே நின்றது.

"இன்னிக்கு வண்டி எடுக்கக் கூடாது."
"வேற யாரு எடுப்பாங்க?"

வேறொருவர் எடுத்தார்.
கீழே போகும் கடைசி பஸ்ஸில் நானும் லென்ஸ் பெட்டியும்.
முன் சீட்டில் போஜராஜ்,
அட்டைக் கறுப்புக் கண்ணாடி ஒரு காதில் நழுவ,
தன் வண்டியில் முதல் தடவையாகப் பயணி.
நாற்பத்து மூன்று கொண்டை ஊசி.
ஒவ்வொன்றிலும் அவர் வலது கால்
அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது,
ஓட்டுகிறவர் மிதிப்பதற்கு
ஒரு நொடி முன்னால்.

எத்தனையாவது வளைவோ, எண்ணவில்லை,
என் பைக்குள் கைபேசி ஒருமுறை துடித்தது.
அவர் திரும்பாமலே கேட்டார்:
"போயிடுச்சா?"
"போயிடுச்சு."

கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை.
வைப்பர் துடைக்கத் துடைக்க அதே வெள்ளை.
"ஹாரன் அடிங்க தம்பி,
அடுத்த திருப்பத்துல காட்டெருமை நிக்கும்."
"தெரியுதாண்ணே?" என்றார் ஓட்டுகிறவர்.

"தெரியல" என்றார் போஜராஜ்.
"நிக்கும்."