இருநூற்றுப் பதினேழு பெருவிரல்

கருங்கலில் இருந்து நாகர்கோவிலுக்கு
முதல் வண்டி ஐந்தேகாலுக்கு.
நேசபாய் மடியில் மனு. அதன்மேல்
வாழையிலையில் பொதிந்த அவித்த மரச்சீனி.
எழுதியவள் நான் என்பதால்
கேட்டால் சொல்ல என்னையும் ஏற்றினாள்.

போன மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.
முதலாளி சம்பளப் பேரேட்டைப் பக்கத்தில் விரித்து
சுழி சுழியாக ஒப்பிட்டு
பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்பினார்.
முதல் பேர் நேசபாய்.
கடைசிப் பேர் நட்டாலத்து எஸ்தர்பூ, நிறைமாதம்.
மறுநாளில் இருந்து மாட்டுக்குப் புல் அறுத்து விற்றாள் நேசபாய்.
செங்கொடிச் சங்கத்து ரசீதுப் புத்தகம் மட்டும்
புல்லுக்கட்டுக்குள்ளேயே கிடந்தது.

"இந்தத் தவண பேரு வேண்டாம் பிள்ளே. வெரலு போதும்.
அண்டியாபீசுல இருவது வருசம் தோடு ஒடச்ச வெரலுல
ஆரு என்னத்த கண்டுபிடிப்பான்?"

மூன்று ஞாயிறு அலைந்தாள்.
ஆராதனை முடியும் நேரம் பார்த்து
சபை வாசலில், குடைக்கடியில், மைப்பெட்டியோடு.
போதகர் முறைத்தார்:
ஒனக்க கட்சியில கர்த்தர் உண்டுமா?
"முதலாளி வாங்கித் தந்த மணியில உண்டுமெண்ணா
இதிலயும் காணும் அய்யா."

சொணை தின்ற விரல்கள்.
சாம்பலில் தேய்த்தும் போகாத கறுப்பு.
முற்றத்தில் முதல் மழை விழுந்ததுபோல
தாள் முழுக்க உருண்டை உருண்டையாய்.

லேபர் ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எல்லாம் ஒரே ஆள் வச்சது. கள்ள மனு."
அவர் மேசையிலேயே மைப்பெட்டியைத் திறந்து
அவருடைய வெள்ளைத் தாளில் அழுத்தினாள்.
"இது எனக்கது. சாரு பாரும்."
பூதக்கண்ணாடி வந்தது. பார்த்தார்.
விசிறி சுற்றியது.
பிறகு என் பக்கம் திரும்பினார்:
"நீயும் வச்சியாம்மா?"

நான் அங்கே எடை எழுதுகிறவள்.
பேனா பிடிக்கும் என் விரலில்
சுழி இருக்கிறது, வளையம் இருக்கிறது,
சின்ன வயதில் அரிவாள் பட்ட கோடுகூட இருக்கிறது.
எந்தத் தாளில் வைத்தாலும் அது நான்தான்.

நேசபாய் முந்திக்கொண்டாள்:
"அவ எழுத்துக்கு வந்தவ சாரே. சீல் அடிச்சுத் தாரும்."

திரும்பும் வண்டியில் திங்கள்நகர் வரைக்கும் தூங்கினாள்.
விழித்ததும் மரச்சீனியைப் பிட்டு நீட்டினாள்.
மொத்தம் இருநூத்திப் பதினேழா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
"நானும் அப்பிடித்தான் எண்ணினேன்."

மூடி சரியாக அடையாத மைப்பெட்டி
அவள் பைக்குள்
வண்டி குலுங்கும்போதெல்லாம் சத்தமிட்டது.