எட்டாம் இலக்கம்

பதினொரு வருடம். ஆறு கழகம்.
இருநூற்றுப் பதின்மூன்று ஆட்டம், ஏழு கோல்.
அதற்கு வெளியே, தன் பக்க வலைக்குள் ஒன்று.
அதையும் தானாகவே சொன்னான்.

ஜேர்மனியின் நான்காம் பிரிவு,
பிறகு ஐந்தாம் பிரிவு,
பிறகு ஒரு முழங்கால்,
பிறகு மறுபடியும் நான்கு.
சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகும்,
மீதிப் பாதிக்கு
காலையில் பொதி ஏற்றுகிற வேலை.
ஒவ்வொரு ஆனி முடிவிலும் ஒப்பந்தம் முடியுமாம்.
"எங்கட வயல் குத்தகை மாதிரித்தான்"
என்றார் செயலாளர் அருமைலிங்கம்.

பெயர் கஜரூபன்.
அங்கே ஜ-வை ய என்று வாசிப்பார்களாம்,
ஒலிபெருக்கியில் காயரூபன்.
காயா பழமா என்று பெடியள் கேட்டுப் பார்த்தாங்கள்.
அவனுக்கு விளங்கவில்லை.

தகப்பனின் காணி உறுதிக்காக
மூன்று நாள் முல்லைத்தீவுக்கு அலைந்தவன்
நான்காம் நாள் குமுழமுனை மைதானத்தில் நின்றான்.
அளம்பிலோடு அரையிறுதி.
பதிவுப் படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில்
எல்லாருக்கும் எழுதுகிற கை
அவனுக்கும் 'விவசாயம்' என்று எழுதிவிட்டது.
இடைவேளையில்
என் எட்டாம் இலக்கத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.
வியர்வையில் ஊறிக் கிடந்தது.
அப்படியே போட்டான்.

சனம் வேலியில் ஏறி நின்றது.
ஆறு பேரை வெட்டிக்கொண்டு ஓடுவான் என்றுதான்
நானும் நினைத்தேன்.
அவன் பந்தை வாங்கினான்,
பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டினான்.
வாங்கினான், தட்டினான்.
வாங்க முன்னம் ஒருக்கால்
இடது தோளுக்குப் பின்னால் பார்த்தான்,
ஒருக்கால் வலது தோளுக்குப் பின்னால்.
ட்ராக்டர் பெட்டியில் இருந்து ஒருவர் கத்தினார்:
"இதுக்கோ அங்க காசு குடுக்கினம்?"
நான்தான் முதலில் சிரித்தது.

பிறகு அகிலன் இடப்பக்கத்தால் ஓடினான்.
ஒன்பது வருடமாக ஓடுகிறவன்.
ஒன்பது வருடமாக என் பந்து
ஒன்றில் அவன் முதுகுக்குப் பின்னால் விழும்,
இல்லாவிட்டால் கேணிக்குள்.
அன்றைக்கு அது அவன் கால் வைக்கப்போகிற இடத்தில்
அவனுக்கு முன்னமே வந்து
காத்துக்கொண்டு நின்றது.
கோல்.
எல்லாரும் அகிலனைத் தூக்கினார்கள்.
கொடுத்தவன் நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்து
சப்பாத்துக் கயிறு கட்டினான்.

கிளிநொச்சியில் இருந்து வந்த பத்திரிகைத் தம்பி கேட்டான்:
அண்ணை, இரண்டு நாட்டுக்கு நடுவில் நிற்கிறீங்கள்,
நடுக்களமும் அப்படித்தானே?
"இல்லை" என்றான்,
யோசித்து, சொல் தேடி,
"நடுக்களத்தில நிறைய ஓடவேணும். அவ்வளவுதான்."

அது ஆட்டம் முடிந்த பிறகு.
முதல் நடந்ததைச் சொல்லவேண்டும்.
எழுபதாவது நிமிடம் அளம்பில்காரன் ஓங்கி அடித்த பந்து
கிழக்கு வேலியைத் தாண்டி விழுந்தது.
நாங்கள் நின்றோம்.
அந்தப் பக்கம் கண்ணி எடுத்து முடித்து
எட்டு வருடம்.
சான்றிதழ் கழக அலுமாரியில் இருக்கிறது.
மண்டையோட்டுப் பலகையைக்கூடக் கழற்றியாயிற்று.
ஆனாலும் கிழக்கே போன பந்துக்கு
நாங்கள் அடுத்த பந்துதான் எடுப்போம்.
அது ஒரு விதி, எங்கும் எழுதாதது.
நடுவருக்கும் தெரியும்.

அவன் வேலியால் குனிந்து உள்ளே போனான்.
ஒருவரும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் திடுக்கிட்டுக் காலை மாற்றி வைத்துவிடுவான்
என்று பயந்திருக்கலாம்.
எனக்கு அப்படித்தான்.
நாயுண்ணிப் பற்றைக்குள்
முதுகில் என் இலக்கம் மட்டும் அசைந்தது.
ட்ராக்டர் பெட்டிக்காரர் இறங்கி நின்றார்.

பந்தோடு வந்தான், முழங்கையில் முள் கீறல்.
கோட்டில் வைத்தான்.
ஏன் இவ்வளவு அமைதி என்று
இடது தோளுக்குப் பின்னால் பார்த்தான்,
பிறகு வலது தோளுக்குப் பின்னால்.

இரண்டுக்கு ஒன்று தோற்றோம்.
உறுதி கிடைத்ததோ தெரியாது.
சட்டையைத் தோய்த்து மடித்துத் தந்துவிட்டுப் போனான்.

போன சனி மறுபடி கிழக்கே போனது பந்து.
வேலியைத் தூக்கிப் பிடித்தான் அகிலன்.
நாலு அடி வைத்தேன்.
பிறகு திரும்பிவந்து
மற்றப் பந்தை எடுத்தோம்.